பந்தலுக்குப் புறப்படும் முன்

கொங்கு வேளாளர் கல்யாணத்தில், மாப்பிள்ளை பெண்வீட்டுப் பந்தலுக்குப் புறப்படும் முன் தாயும் மகனும் பால்சோறு உண்பது ஒரு சீர். அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்களில் அது சின்னது; ஐந்து நிமிடம்கூட ஆகாது. கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்திலும் தாய் மகனை வழியனுப்பும் இடம் உண்டு.

1986-இல் எனக்கு அந்தச் சீரைச் செய்தது பெரியம்மா. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா வாசலுக்கே வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வண்டி ஏறும் முன் கட்டுத்தரைக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நாலு பேர் முன்னால அவளக் கடிஞ்சு பேசீராத கண்ணு. பொழுதோட ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து சோறு திங்கோணும். போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். தாலி கட்டித் திரும்புவது அதே வீட்டுக்கு. மிச்சத்தைச் சொல்ல அம்மாவுக்கு முப்பது வருடம் இருந்தது. மிச்சமில்லாமல் சொல்லவும் செய்தார்.

போன தையில் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். மூன்று நாள் கல்யாணம் இப்போது ஒரு மாலையும் ஒரு காலையும். பெண்வீட்டு வாசல் போய் அவிநாசி சாலை மண்டபம். அடி முடியும்தோறும் மேளம் ஒரு தட்டுத் தட்ட, நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடும்போது அன்று பந்தலே அடங்கியிருக்கும். இன்று அவர் மைக்கில் பாடினார். ஜனம் பந்தியில் இருந்தது.

மாப்பிள்ளை அறையில் தங்கச்சி மகனிடம் அரை மணி நேரம் பேசினாள். "சமையல் அவ வேலைன்னு இருந்தராத சாமி. அவ சம்பளத்துக்குக் கணக்குக் கேக்காத. எனக்குத் தினம் போன் வேண்டாம், ஞாயித்துக்கெழமை பண்ணுனாப் போதும்." இரண்டு நாளில் அவர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள். முப்பது வருடத்துப் பேச்சு அவளுக்கு அரை மணிக்குள் அடங்க வேண்டியிருந்தது.

மருமகளைப் பற்றிய இந்தப் பதமான பேச்சு எங்கிருந்து வந்தது? பெண் படித்துச் சம்பாதிக்கிறாள். தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அன்று அதில் இடமிருக்கவில்லை என்பதால் என் மனைவி மூன்று வருடத்தில் தவறவிட்டாள். இன்னொரு காரணமும் உண்டு, பெருமைப்பட ஒன்றுமில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்று இருந்த ஊர்களில் இன்று பையன்களுக்குப் பெண் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் தேடிப் போகிறார்கள். பெருமாள்முருகன் 'கங்கணம்' நாவலை எழுதியதே அப்படிப் பெண் கிடைக்காமல் நிற்கும் ஒருவனை வைத்துத்தான். மரியாதையில் எத்தனை பங்கு மனசால் வந்தது, எத்தனை பங்கு பஞ்சத்தால் வந்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

சீருக்கு நேரமானது. தங்கச்சியும் கணவனை இழந்தவள். அருமைக்காரர் சுற்றிலும் பார்த்து, பெரியம்மா முறையில் ஒருவரைக் கூப்பிடச் சொன்னார். "எங்கம்மா வரட்டுங்க" என்றான் மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அருமைக்காரரே பலகையை நகர்த்திப் போட்டார்.

தங்கச்சி உட்கார்ந்து மகனோடு பால்சோறு உண்டாள். இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். பந்திக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.