குளிர்காலம் தரும் வாழ்நாள் சான்று

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளின் முகமே மாறிவிடுகிறது. ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள், தாம் உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தும் வாழ்நாள் சான்றிதழை அளிக்க வரும் மாதம் அது. வருவோரை அமரச் செய்து, ஆவணங்களைச் சரிபார்த்து, கையொப்பம் பெற்று அனுப்பி வைக்கிறோம். சில நிமிட வேலைதான். ஆனால் ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அந்தக் கையொப்பம் ஒன்றுதானா சான்று? இக்கேள்வியை நம்முள் எழுப்பியவர், கொல்கத்தாவில் நாம் பணியாற்றிய கிளையின் வாடிக்கையாளர் ஒருவர். ரயில்வேயின் கணக்குப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்.

2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு முறை அறிமுகமான பின், இச்சான்றிதழுக்காகக் கிளைக்கு நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. கைபேசியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்தபடி அளித்துவிடலாம். அதனைப் பெரியவரிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேனேஜர் பாபு, இதனால் எனக்கு ஒரு பயணம் மிச்சமாகும். மிச்சமான பயணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?" என்றார்.

தலையையும் காதுகளையும் மூடும் கம்பளிக் குல்லாய் அணிந்துதான் அவர் வருவார். நடுங்கும் அளவுக்குக் குளிர் இராது. ஆயினும் கொல்கத்தா மக்கள் குளிர்காலத்தை ஒரு விருந்தாளியைப் போல முன்கூட்டியே வரவேற்கின்றனர். விடைபெறுமுன் அவர் நம்மிடம் மூன்று வினாக்களைத் தவறாமல் தொடுப்பார். புது வெல்லம் சுவைத்தீர்களா? 'சௌதாகர்' பார்த்தீர்களா? இரவு முழுதும் இசை கேட்டீர்களா? நாமும் தவறாமல் ஒரே விடையை அளித்தோம்: "டிசம்பர் காலாண்டு முடியட்டும்." டிசம்பர் முடிந்ததும் மார்ச் கணக்கு முடிப்பு வந்து நிற்கும். மார்ச் முடிந்த பின் கொல்கத்தாவில் குளிர்காலம் இருப்பதில்லை. இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

மூன்றாம் ஆண்டு அவர் வினா எதுவும் தொடுக்கவில்லை. "ஆண்டுதோறும் ஜனவரியில் டோவர் லேன் கச்சேரிக்கு இரண்டு சீட்டுகள் வாங்குவேன். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்பாள் மனைவி. பிறகு வீட்டுக் கடன் முடியட்டும் என்றாள். எல்லாம் முடிந்தபோது அவளால் நடக்க இயலவில்லை. இப்போது அவளும் இல்லை. ஆனாலும் இரண்டு சீட்டுகள் வாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இவ்வாண்டு அந்த இரண்டாவது இருக்கையில் நீங்கள் அமர வேண்டும்" என்றார். மறுக்க நமக்கு நா எழவில்லை.

அவ்வாண்டு மூன்று வினாக்களுக்கும் விடை தேடினோம். முதலாவது, வங்காளிகள் 'நொலேன் குர்' என்றழைக்கும் ஈச்ச வெல்லம். குளிர்காலத்தில் மாலை நேரத்தில் ஈச்ச மரத்தின் உச்சியைச் சீவிப் பானை கட்டுகின்றனர். இரவெல்லாம் சொட்டும் சாற்றை வெயில் ஏறுமுன் இறக்கிவிட வேண்டும், இல்லையேல் புளித்துவிடும். இரவு எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு தெளிவாகச் சாறு இறங்கும். தொடர்ந்து சீவினால் மரம் தளரும் என்பதால் இடையிடையே சில நாட்கள் ஓய்வளிக்கின்றனர். ஓய்வுக்குப் பின் இறங்கும் முதற்சாறே மிகச் சிறந்தது என்பது அம்மக்களின் கணிப்பு. ஓய்வைக் குறிக்கும் 'ஜிரேன்' என்னும் சொல்லாலேயே அதனை அழைக்கின்றனர். ஒரே மூச்சில் உழைத்துக் களைக்கும் நம் போன்றோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

அவ்வெல்லத்தில் கனக்சூர் நெற்பொரியைப் பிசைந்து உருட்டும் ஜெயநகர் மோயா, 2015ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பண்டம். நம் ஊர்ப் பொரியுருண்டைக்கு உறவு எனலாம். ஆனால் கடிக்க வேண்டிய தேவையின்றி நாவிலேயே கரைகிறது. ஊருக்கு எடுத்துச் செல்ல ஒரு பானை வெல்லப்பாகு கேட்டபோது கடைக்காரர், "நாள்பட்டால் மணம் போய்விடும், இப்போதே சாப்பிடுங்கள்" என்றார். வைப்புத்தொகையாக வைக்க முடியாத செல்வங்களும் உலகில் உண்டு!

இரண்டாவது வினாவும் இந்த வெல்லத்தைப் பற்றியதே. நரேந்திரநாத் மித்ராவின் வங்கச் சிறுகதையைத் தழுவி, சுதேந்து ராய் இயக்கத்தில் 1973இல் வெளிவந்த இந்திப்படம் 'சௌதாகர்'. நூதனும் அமிதாப் பச்சனும் நடித்தது. இசை ரவீந்திர ஜெயின். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் விழும் சன்னலோரம் அமர்ந்து பார்த்தோம். நாயகன் ஈச்சஞ்சாறு இறக்கும் வெல்ல வணிகன். வெல்லம் காய்ச்சுவதில் கைதேர்ந்த ஒரு கைம்பெண்ணை, பணம் சேர்க்கும் நோக்கோடு மணக்கிறான். பணம் சேர்ந்ததும் அவளை விலக்கிவிட்டுத் தான் விரும்பிய இளம்பெண்ணை மணக்கிறான். அடுத்த குளிர்காலம் வருகிறது. மரமும் சாறும் அடுப்பும் அப்படியே இருக்கின்றன. வெல்லம் மட்டும் பக்குவப்படவில்லை. சந்தையில் அவன் பெயர் கெடுகிறது. ஈற்றில் சாற்றுப் பானைகளுடன் முதல் மனைவியின் வாசலிலேயே போய் நிற்கிறான்.

வணிகவியல் பயின்ற நமக்கு அவன் பிழை எளிதில் விளங்கியது. மனைவியாக்கிக்கொண்டதால் மிச்சமான கூலியை இலாபமாக எழுதினான். அவள் கைப்பக்குவத்தையும் அன்பையும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. பேரேட்டில் ஏறாத முதல், தொலைந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. படம் முடிந்ததும் ஊரிலிருந்த குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்தோம். சொல்வதற்குத் தனியாகச் செய்தி ஏதுமில்லை, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வினாவின் விடை ஜனவரியில் கிடைத்தது. டோவர் லேன் இசை மாநாடு 1952இல் தொடங்கியது. ஏரிக்கரையிலுள்ள நஸ்ருல் மஞ்ச் அரங்கில் மாலையில் தொடங்கும் கச்சேரிகள் மறுநாள் விடியும்வரை நீள்கின்றன. சால்வை போர்த்திய கூட்டம். வெளியே இரவெல்லாம் தேநீர் விற்பனை. இந்துஸ்தானி இசையில் இராகங்களுக்கு உரிய பொழுதுகள் வகுக்கப்பட்டுள்ளன. மாலைக் கச்சேரிகள் மட்டுமே கேட்போருக்கு வைகறை இராகங்களை உரிய நேரத்தில் கேட்கும் வாய்ப்பு அரிது. அதற்காகவே பலர் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர்.

நம் பெரியவர் நள்ளிரவு கடந்ததும் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு அயர்ந்து உறங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. நான்கு மணிக்கு மேல் சரோது இசைக்கலைஞர் ஒருவர் லலித் இராகத்தைத் தொடங்கினார். சுத்த மத்தியமமும் பிரதி மத்தியமமும் அடுத்தடுத்து ஒலிக்கும் இராகம் அது. இருளும் ஒளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் பொழுதுக்குப் பொருத்தமானது. சில சுரங்கள் ஒலித்ததுமே பெரியவர் கண் திறவாமல் நிமிர்ந்து அமர்ந்தார். விரல்கள் முழங்காலின் மேல் மெல்ல அசைந்தன. அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு அதனினும் தெளிவான சான்றை எந்தப் படிவத்திலும் நாம் கண்டதில்லை.

வாடிக்கையாளர்களைச் சேமிக்கத் தூண்டுவது நம் கடமை, அதில் மாற்றமில்லை. பிள்ளைகளின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் முதுமைக்கும் ஒதுக்கத்தான் வேண்டும். அவற்றோடு குடும்ப வரவுசெலவில் சிற்றின்பங்களுக்கெனச் சிறு தலைப்பு ஒன்றும் இருக்கட்டும். பருவத்தின் பண்டம், பழைய திரைப்படம், ஓர் இரவின் இசை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. அவை கேட்பதெல்லாம் உரிய காலத்தில் நாம் அங்கே இருப்பதைத்தான்.

அவ்வாண்டின் கோடையில் நமக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. சென்ற நவம்பரில் பெரியவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முழங்கால் வலியால் கிளைக்குச் செல்ல இயலவில்லை என்றும், கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று அளித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அதன் கீழே மேலும் ஒரு வரி: "ஜனவரிக்கு இரண்டு சீட்டுகள் வாங்கிவிட்டேன்."

டிசம்பர் காலாண்டு முடியும்வரை காத்திராமல், அன்றே விடுப்புக்கு விண்ணப்பித்தோம்.