கோடையில் கல்லாகும் ஏரிக் களிமண்: ஜேசிபியே திணறுவது ஏன்?

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில், ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் கொட்டிய மழை சுமார் 50 செ.மீ. அதே திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஏரிகளை வைகாசி வெயிலில் பார்த்தால், களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கடப்பாரை போட்டால் 'ணங்'குன்னு திருப்பி அடிக்கும்.

காரணம், களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, தட்டையானவை. இடையில் இருக்கும் நீர் வற்ற வற்ற அவை நெருங்கி இறுகுகின்றன. லேசாக ஈரம் பட்டால் வெட்ட சுலபம். ஈரம் கூடினாலோ, பக்கெட்டில் அப்பிக்கிட்டு விழாது.

வண்டல் அள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-ல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. திண்டிவனம் பக்கத்து செம்மண் கொல்லைகளுக்கு இந்த மண் நல்ல உரம். ஆனால் வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. மண் இறுகியிருந்தால் விவசாயி காசுதான் கரையும்.

பலம் எங்கிருந்து வருது?

ஜேசிபி மாதிரியான வண்டி சுமார் ஏழரை டன் எடை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் பேக்ஹோவில் அந்த எடை கிடையாது. மண் அசையலைன்னா வண்டிதான் பள்ளத்தை நோக்கி இழுபடும். அதனால் இரண்டு ஜாக்கியையும் நன்றாக ஊன்றி, முன் பக்கெட்டையும் தரையில் அழுத்தி, வண்டியை மட்டமாக நிறுத்திய பிறகுதான் வெட்டத் தொடங்கணும்.

ஒரே குத்தில் பக்கெட்டை நிரப்பப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. பல் மண்ணில் இறங்கியதும் கையை வண்டிப் பக்கம் இழுத்து, மெல்லிய அடுக்காகச் சீவி, கடைசியில் பக்கெட்டைச் சுருட்டணும். அகலம் குறைந்த பக்கெட் என்றால் மொத்த விசையும் சில பற்களில் இறங்கும். தேய்ந்த பல்லோடு மல்லுக்கட்டினால் டீசல்தான் வீண். பக்கெட்டைப் பக்கவாட்டில் அடித்து மண்ணை உடைப்பது கை, பின் எல்லாவற்றையும் கெடுக்கும். முந்தின நாள் தண்ணி விட்டு ஊற வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏரியில் ஆழம் ரொம்ப முக்கியம். வண்டலைத் தாண்டி அடிக் களிமண்ணையும் தோண்டி, கீழே மணல் தெரிந்துவிட்டால், நிற்க வேண்டிய தண்ணீர் கசிந்து போகும். கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும்.

பைப் பதிக்கத் தோண்டும் பள்ளத்தில் ஆபத்து வேற மாதிரி. காய்ந்த களிமண் சுவர் செங்குத்தாக நிற்கும், பார்க்க உறுதியாகத் தெரியும். வெடிப்பில் மழைநீர் இறங்கினால் பாளமாகச் சரியும். ஒரு கன மீட்டர் மண்ணே ஒன்றரை டன்னுக்கு மேல். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்டணும். பக்கெட் ஓடும்போது பள்ளத்துக்குள் ஆள் இறங்கவே கூடாது.