கும்பகர்ணப் பாம்புகள்!

தாம்பரம் பக்கம் குடியிருப்பவரா நீங்கள்? அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லைப்புறத்தில் பாம்பைக் கண்டு அலறியிருப்பீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது நாமே மொட்டை மாடிக்கு ஓடவில்லையா? பொந்தில் தண்ணீர் புகுந்தால் பாம்புதான் எங்கே போகும், பாவம்!

நம் ஊர்ப் பாம்பை மழை வெளியே விரட்டுகிறது. கனடா தேசத்துப் பாம்பைக் குளிர் உள்ளே விரட்டுகிறது. நம்மைப்போல் உடம்பிலேயே உஷ்ணம் உண்டாக்கிக்கொள்ளும் சக்தி பாம்புக்கு இல்லை. உறைபனியில் வெளியே கிடந்தால் விறைத்துச் செத்துப்போகும். ஆகவே மானிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்துப் பாம்புகள், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கி, பனி எட்டாத ஆழத்தில் குவியல் குவியலாக முடங்கிவிடுகின்றன. இதயம் மெல்லத் துடிக்கும், ஆகாரமே கிடையாது. கும்பகர்ணன் தோற்றான் போங்கள்!

ஏப்ரல் கடைசியில் வெயில் எட்டிப் பார்த்ததும் பதினாயிரக்கணக்கில் வெளியே வருகின்றன. மனிதருக்கு ஆபத்தில்லாத சிறு பாம்புகள் அவை. சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் நசுங்கி மடிந்ததால், அவற்றுக்காகச் சாலையின் அடியில் சுரங்க வழியே அமைத்திருக்கிறார்கள்!

நாம் சுரங்கம் தோண்ட வேண்டாம். தடியை எடுக்காமல் எட்ட நின்று, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொன்னால் போதும். யாரையேனும் கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை என்று பொழுதைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இன்னொரு சங்கதி தெரியுமா? சென்னைப் பாம்புப் பண்ணை 1972-ல் கிண்டிக்குப் போகுமுன் நம் சேலையூரில்தான் இருந்தது. பாம்புக்கு இடம் கொடுத்த ஊரல்லவா இது!