தாத்தாவின் சவரக் கத்தி மீண்டும் கூராகுமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால், சில சமயம் ஒரு மடக்குக் கத்தி கிடைக்கும். தாத்தா காலத்துச் சவரக் கத்தி! அதில் 'ஷெப்பீல்டு' என்றோ 'சோலிங்கன்' என்றோ பொறித்திருக்கலாம். முன்னது இங்கிலாந்தில் உள்ள ஊர், பின்னது ஜெர்மனியில். இரண்டுமே கத்திக்குப் பேர் போனவை.

அதைத் தீட்டப் பேரனுக்கு ஆசை வருகிறது. எங்கே ஓடுவான்? சாணை பிடிப்பவரிடம்!

அங்கேதான் ஆபத்து. சுழலும் சாணையில் மெல்லிய கத்தி சூடேறும். எஃகின் பதம் கெட்டுவிடும். அரிவாளுக்குச் சரி, சவரக் கத்திக்குக் கூடாது.

மேலே படிந்த துரு, எண்ணெய் தடவித் தேய்த்தால் போகும். கத்தியின் வாயில் குழியோ விரிசலோ கண்டால், தீட்டும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

முதுகும் வாயும்

தட்டையான கல்லில் நீர் தெளித்து, கத்தியைப் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். முதுகைத் தூக்கினால் கூர் போயிற்று! வாய் முன்னே போக, மெல்ல இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, கத்தியின் எடையே போதும். சொரசொரப்பான கல்லில் தொடங்கி, நயமான கல்லில் முடிக்க வேண்டும்.

பிறகு தோல் வார். அங்கே முதுகுதான் முன்னே போகும். மறந்தால் வார் அறுந்துவிடும். அந்தக் காலத்து முடி திருத்துபவரின் அடைப்பத்தில் கல்லும் வாரும் தவறாமல் இருந்தது இதற்காகத்தான்.

ஒருவருக்கு மட்டுமே

சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதன் வழியே இரத்தத்தில் நோய்க் கிருமி ஏறலாம். 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டது. அதன் பிறகே 'ஆளுக்கொரு பிளேடு' வழக்கம் சலூன்களில் பரவியது. அப்பாவும் மகனும்கூட ஒரே கத்தியை மாற்றிக்கொள்ளக் கூடாது.

முதல் நாள் கன்னத்தில் மட்டும் வழித்துப் பார்க்கலாம். கை பழகும் வரை தொண்டைப் பக்கம் போகாதிருப்பது நல்லது.