தாரை உந்துச் சறுக்குவண்டி

தாரை உந்துச் சறுக்குவண்டி என்பது, உறைந்த ஏரியின் பனிக்கட்டிப் பரப்பின்மீது தாரைப் பொறியின் (ஜெட் எஞ்சின்) உந்துவிசையால் ஓடும் சறுக்குவண்டி ஆகும். குளிர்காலத்தில் ஏரிகள் உறையும் வட ஐரோப்பா, வட அமெரிக்கா முதலிய இடங்களில் இத்தகைய வண்டிகளைப் பொழுதுபோக்காகத் தாங்களே கட்டி ஓட்டிப் பார்ப்போர் உள்ளனர். இவ்வண்டியை ஓடச்செய்வது ஒப்பீட்டளவில் எளிது. அதை நிறுத்துவதும், நேர்கோட்டில் வைத்திருப்பதுமே கடினம். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே: பனிக்கட்டியின் மிகக்குறைந்த உராய்வு.

ஏன் தாரை உந்துவிசை?

சாலையில் ஓடும் மகிழுந்து, தன் சக்கரத்தால் தரையைப் பின்னோக்கித் தள்ளி முன்னேறுகிறது. இதற்குச் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே போதிய உராய்வு தேவை. பனிக்கட்டியில் அவ்வுராய்வு இல்லாமையால் சக்கரம் வீணே சுழலும். தாரைப் பொறியோ தரையைத் தள்ளுவதில்லை. அது வளியை உள்வாங்கி, எரிபொருளை எரித்துச் சூடாக்கி, மிகுந்த விரைவுடன் பின்னோக்கி வெளியேற்றுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதன் எதிர்வினை வண்டியை முன்னோக்கி உந்துகிறது.

ஒரு நொடியில் வெளியேறும் வளிமத்தின் திணிவை அதன் விரைவால் பெருக்கினால் உந்துவிசை கிடைக்கும் (வண்டி நிற்கும் நிலையில்). எடுத்துக்காட்டாக, நொடிக்கு அரை கிலோகிராம் வளிமம் நொடிக்கு 400 மீட்டர் விரைவில் வெளியேறினால் உந்துவிசை 200 நியூட்டன். இது ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசைக்கு நிகரானது. ஆனால் இந்தத் தாரையில் அடங்கிய ஆற்றல் வீதம் 40 கிலோவாட். வண்டி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, அதை நகர்த்தப் பயன்படுவது 4 கிலோவாட் மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி வண்டிக்குப் பின்னால் காற்றைக் கலக்கி வீணாகிறது. வண்டி நிற்கும் நிலையில் இதே 200 நியூட்டன் விசையை, நொடிக்கு 10 கிலோகிராம் காற்றை 20 மீட்டர் விரைவில் தள்ளும் ஒரு பெரிய காற்றுச்சுழலியால் 2 கிலோவாட் தாரை ஆற்றலிலேயே பெறலாம். ஆகவே குறைந்த வேகத்தில் ஓடும் சறுக்குவண்டிக்குத் தாரைப் பொறி சிக்கனமான தேர்வு அன்று. கட்டுவோரை ஈர்ப்பது அதன் எளிய அமைப்பும், சொல்லப்போனால், அதன் பேரிரைச்சலும்தான்.

வரலாறு

காற்றுச்சுழலியால் உந்தப்படும் சறுக்குவண்டிகள் 1910-ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே உருசியாவில் கட்டப்பட்டன. பின்னாளில் உலங்கு வானூர்திகளால் புகழ்பெற்ற ஈகோர் சிக்கோர்சுக்கி இவற்றைக் கட்டியவர்களுள் ஒருவர். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படையினர் இத்தகைய வண்டிகளைப் பயன்படுத்தினர்.

எதிர்வினை உந்துவிசையைப் பனிக்கட்டியில் சோதித்தவர்களுள் முதன்மையானவர் மாக்சு வாலியர் (1895-1930). அன்றைய ஆத்திரியா-அங்கேரியில் இருந்த போசன் நகரில் பிறந்த இவர், விண்வெளிப் பயணத்தைப் பொதுமக்களிடையே பரப்புவதில் ஈடுபட்டிருந்தார். ஃபிரிட்சு ஃபொன் ஓப்பலுடன் இணைந்து இவர் தொடங்கிய முயற்சியின் விளைவாக, 1928 மே 23 அன்று பெர்லினின் ஆவுசு ஓட்டப்பாதையில் ஏவூர்தி மகிழுந்து ஒன்று மணிக்கு 238 கி.மீ. வேகத்தை எட்டியது. அதை ஓட்டியவர் ஓப்பல். பின்னர் அவரிடமிருந்து பிரிந்த வாலியர், வெடிமருந்துத் தூள் ஏவூர்திகளைப் பொருத்திய சறுக்குவண்டிகளைக் கட்டினார். ஐரோப்பாவில் கடுங்குளிர் நிலவிய 1929 பெப்ரவரியில், மியூனிக்குக்குத் தெற்கேயுள்ள இசுட்டார்ன்பெர்கு ஏரியின் பனிக்கட்டிமீது 'ராக் பொப் 2' என்ற அவரது வண்டி சோதிக்கப்பட்டது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 400 கி.மீ. எனக் குறிப்பிடப்படுகிறது.

வாலியர் பயன்படுத்தியவை ஏவூர்திகள். தாரைப் பொறிகள் அல்ல. ஏவூர்தி தனக்கு வேண்டிய உயிர்வளியையும் தன்னுள்ளேயே கொண்டிருக்கும். தூள் ஏவூர்தியை ஒருமுறை பற்றவைத்துவிட்டால் எரிந்து முடியும்வரை அணைக்க இயலாது. தாரைப் பொறி காற்றிலுள்ள உயிர்வளியைப் பயன்படுத்துவது. எரிபொருளை நிறுத்தினால் அதன் உந்துவிசையும் நின்றுவிடும். பனிக்கட்டியின்மேல் ஓடும் ஒருவருக்கு இவ்வேறுபாடு உயிர் காப்பது. வாலியர் 1930 மே 17 அன்று பெர்லினில் நீர்ம எரிபொருள் ஏவூர்திப் பொறி ஒன்றைச் சோதித்தபோது அது வெடித்து இறந்தார். அப்போது அப்பொறி எந்த வண்டியிலும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. சோதனை மேடையில்தான் இருந்தது.

பொறி

வீட்டுப் பட்டறையில் கட்டக்கூடிய தாரைப் பொறிகள் பெரும்பாலும் இரு வகையின.

முதலாவது துடிப்புத் தாரைப் பொறி. இது ஏறக்குறைய ஒரு வளைந்த குழாய்தான். எரியறையில் எரிவளியும் காற்றும் கலந்து வெடிக்கின்றன. சூடான வளிமம் குழாய் வழியே பாய்ந்து வெளியேறும்போது, ஓடும் நீர் தன் உந்தத்தால் சற்றே மிகையாக ஓடிவிடுவதைப்போல், எரியறையில் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைகிறது. அந்த உறிஞ்சலால் புதுக்காற்று உள்ளே வருகிறது. முந்தைய வெடிப்பின் மிச்சச் சூட்டால் மீண்டும் வெடிக்கிறது. இச்சுழற்சி நொடிக்குப் பல பத்து முறை நிகழும். இரண்டாம் உலகப்போரில் செருமனி ஏவிய வி-1 பறக்கும் குண்டின் பொறி இவ்வகையினது. அது நொடிக்குச் சுமார் 45 முறை துடித்தது. அதில் காற்று பின்வாங்காமல் தடுக்க எஃகு இதழ்கள் இருந்தன. தொடர்ந்து வெப்பத்திலும் அதிர்விலும் அடிபடும் இவ்விதழ்கள் விரைவில் தேய்ந்துவிடும். 1960-களில் அமெரிக்காவின் இல்லர் நிறுவனத்தில் இரேமண்டு லாக்வுடு உருவாக்கிய வடிவத்தில் இதழ்களே இல்லை. குழாய் 'ப' வடிவில் வளைக்கப்பட்டு, உள்வாங்கு வாயும் வெளியேற்று வாயும் ஒரே திசையில் பின்னோக்கி அமைந்திருக்கும். உள்வாங்கு வாய் வழியே திமிறும் வளிமமும் உந்துவிசைக்கு உதவுகிறது. நகரும் உறுப்பு எதுவும் இல்லாமையால், துருவேறா எஃகுத் தகட்டை வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர் இதைக் கட்டிவிடலாம்.

மற்றது வளிமச் சுழலிப் பொறி. சரக்குந்தின் டர்போசார்ஜரில் காற்றமுக்கியும் சுழலியும் ஒரே அச்சில் ஏற்கனவே உள்ளன. அவ்விரண்டுக்கும் இடையே ஓர் எரியறையைக் கட்டி இணைத்தால் பொறி ஆகிவிடும். எரியறைக்குள் துளைகளிட்ட தீக்குழாய் ஒன்று இருக்கும். துளைகளின் அளவும் இடமும் சரியாக அமையாவிட்டால் தீ சுழலிவரை நீண்டு அதன் அலகுகளை உருக்கும். அச்சு நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் முறை சுழல்வதால் எண்ணெய் எக்கி இன்றியமையாதது. எரிபொருளை நிறுத்திய பின்னரும், தாங்கிகள் குளிரும்வரை எண்ணெய் ஓடவேண்டும். சுழலி உடைந்தால் அதன் துண்டுகள் சுழலும் தளத்தின் திசையில் தெறிக்கும் என்பதால், பொறியின் பக்கவாட்டில், அத்தளத்துக்கு நேராக எவரும் நிற்கலாகாது.

எரிபொருளாகப் பெரும்பாலும் புரொப்பேன் பயன்படுகிறது. இதன் கொதிநிலை -42 பாகை செல்சியசு. ஆகவே கடுங்குளிரிலும் உருளையினுள் அழுத்தம் இருக்கும். பியூட்டேனின் கொதிநிலை -0.5 பாகை. அது பனியில் நீர்மமாகவே தங்கிவிடும். புரொப்பேனிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆவியாகும்போது அது உருளையிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. பொறி மிகுதியாக இழுக்கும்போது உருளை மேலும் குளிர்ந்து அழுத்தம் சரிகிறது. பொறியும் திணறி நிற்கிறது. இதனால் சிலர் உருளையிலிருந்து நீர்மமாகவே எடுத்து, சூடான பொறிக்குழாயைச் சுற்றிய செப்புக் கம்பிக்குழாயில் ஆவியாக்கி ஊட்டுகின்றனர்.

உராய்வும் வேகமும்

எஃகுச் சறுக்குக் கத்திக்கும் பனிக்கட்டிக்கும் இடையிலான உராய்வுக் கெழு பொதுவாக 0.01 முதல் 0.03 வரை இருக்கும். கத்தி அழுத்துவதால் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்று பள்ளிப் பாடங்களில் சொல்லப்படுவது முழு விளக்கமன்று. பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உட்புறத்தில் இருப்பவற்றைவிடத் தளர்வாகப் பிணைந்துள்ளன. சறுக்கும்போது எழும் உராய்வு வெப்பமும் துணைசெய்கிறது. 2018-இல் வெளியான ஆம்சுட்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு, உராய்வு மிகக் குறைவது -7 பாகை அளவில் எனக் காட்டியது. அதைவிடச் சூடானால் பனிக்கட்டி மென்மையாகிக் கத்தி உழுது செல்லும்.

ஓட்டுநருடன் சேர்த்து 200 கிலோகிராம் திணிவுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.02 எனில் உராய்வு விசை சுமார் 40 நியூட்டன். பொறியின் உந்துவிசை 200 நியூட்டன் எனில், புறப்படும்போது முடுக்கம் 0.8 மீ/நொ². வேகம் கூடக்கூடக் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். இழுவைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிய மதிப்பு 0.6 சதுர மீட்டர் எனக் கொண்டால், நொடிக்கு 20 மீட்டரில், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், காற்றுத்தடை 160 நியூட்டன் ஆகிறது. உந்துவிசை முழுதும் அங்கே செலவாகிவிடும். இதுவே அவ்வண்டியின் உச்ச வேகம். உந்துவிசையை இரட்டித்தாலும் உச்ச வேகம் ஒன்றரை மடங்கு அளவே கூடும்.

நிறுத்துதல்

மேற்சொன்ன வண்டியின் பொறியை உச்ச வேகத்தில் அணைத்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன ஆகும்? கணக்கிட்டால், அது நிற்பதற்கு ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரமும் ஆகும். தொடக்கத்தில் காற்றுத்தடை நன்கு வேகத்தைக் குறைக்கும். வேகம் தணிந்தபின் காற்றும் கைவிட்டுவிடும். 40 நியூட்டன் உராய்வு மட்டுமே எஞ்சும். மெதுவாகத்தான் போகிறது என்று தோன்றும் அந்தக் கடைசிப் பகுதிதான் நீண்டுகொண்டே போகும். கரையிலுள்ள கற்களும் படகுத்துறைக் கம்பங்களும் அங்கேதான் இருக்கும்.

உச்ச வேகத்தின் 95 விழுக்காட்டை எட்டவே 580 மீட்டர் ஓடவேண்டும். நிற்பதற்கு மேலும் 385 மீட்டர். ஆக, மணிக்கு 68 கி.மீ. வேகத்தை ஒரேயொரு முறை தொட்டுப் பார்க்க, தடையற்ற பனிக்கட்டி ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வேண்டும்.

ஆகவே நிறுத்தி என்பது வண்டியில் பின்னர் சேர்க்கும் துணைப்பொருள் அன்று. நெம்புகோலை இழுத்ததும் பனிக்கட்டியில் குத்தி உழும் எஃகுப் பற்கள் கொண்ட சட்டமே வழக்கமான அமைப்பு. இது 600 நியூட்டன் தடைவிசை தந்தாலே, 400 மீட்டர் என்பது 60 மீட்டருக்கும் குறைவாகிவிடும். இச்சட்டம் திணிவு மையத்துக்குப் பின்னே அமையவேண்டும். முன்னே அமைந்தால் வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்த முயன்று, வண்டி சுழன்றுவிடும். பக்கவாட்டுப் பிடிப்புக்கும் இதே விதிதான். அம்பின் இறகு பின்னால் இருப்பதுபோல், கூர்மையான நீண்ட கத்திகள் பின்னால் இருக்க வேண்டும். திசைதிருப்பும் கத்தி முன்னால் இருப்பதே நலம். பாய்மரப் பனிப்படகு கட்டுவோர் இதைப் பட்டறிவால் கற்றனர்: பின்பக்கம் திருப்பும் பழைய படகுகள் திடீரெனச் சுழன்று ஓட்டுநரை வீசியெறிந்தன, 1930-களிலிருந்து முன்பக்கம் திருப்பும் வடிவம் பரவியது.

எரிபொருளை நிறுத்தும் அடைப்பிதழ், கையால் பிடித்திருக்கும்வரை மட்டும் திறந்திருப்பதாகவும், கைவிட்டதும் வில்சுருளால் தானே மூடிக்கொள்வதாகவும் இருக்கவேண்டும். ஓட்டுநர் தூக்கியெறியப்பட்ட பின்னரும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, கரையில் வேடிக்கை பார்ப்போருக்குத்தான் கேடு.

சோதனை முறை

முதல் சோதனைக்குப் பொறியே தேவையில்லை. ஆளேற்றிய வண்டியைப் பனிக்கட்டிமீது ஒரு வில்தராசு கொண்டு சீராக இழுத்தால், உராய்வு விசை நேரடியாகத் தெரிந்துவிடும். நின்ற வண்டியின் கத்திகள் பனிக்கட்டியோடு உறைந்து ஒட்டிக்கொள்வதால் முதல் அசைவுக்கு மிகுந்த விசை வேண்டும். அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அடுத்து, வண்டியைக் கயிற்றால் இழுத்து வேகமூட்டி விட்டுவிட்டு, நிறுத்தி சரியாகப் பிடிக்கிறதா, வண்டி சுழல்கிறதா எனப் பார்க்கவேண்டும்.

பொறியைத் தனியே, திறந்த வெளியில், தரையில் பொருத்திய மேடையில் ஓட்டவேண்டும். மேடையை உருளைகள்மீது நகரவிட்டு, முன்னால் ஒரு தராசைப் பொருத்தினால் உந்துவிசையை அளக்கலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எரிவளி உருளையை எடையிட்டால் எரிபொருள் செலவு தெரியும். துடிப்புத் தாரைப் பொறியின் குழாய் சில நொடிகளில் செந்நிறமாகக் கனலும். அருகில் நிற்போர் காதுறை அணியாவிட்டால் கேட்கும் திறனை நிலையாக இழக்க நேரிடும். எரியும் வளிமத்தில் நச்சான கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய கொட்டகையில் ஓட்டக்கூடாது. நெடுநேர நிலைச் சோதனையைப் பனிக்கட்டிமீது செய்வதும் தவறு. சூடான தாரை அடியிலுள்ள பனிக்கட்டியை உருக்கி மெலியவைக்கும்.

பனிக்கட்டியையும் சோதிக்கவேண்டும். நடப்பதற்கே 10 செ.மீ. தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். இயந்திரப் பனிச்சறுக்கு ஊர்திக்கு 12 முதல் 18 செ.மீ. வரை சொல்லப்படுகிறது. பால்போல் வெளுத்த பனிக்கட்டியின் வலிமை தெளிந்ததில் பாதியளவே. ஓடை வந்து சேரும் இடத்திலும், நாணல் அடர்ந்த இடத்திலும் தடிப்பு குறைவாக இருக்கும். ஆகவே ஓர் இடத்தில் துளையிட்டு அளந்துவிட்டு ஏரி முழுவதும் அவ்வாறே எனக் கொள்ளலாகாது. ஓடுபாதை நெடுகத் துளையிட்டு அளக்கவேண்டும்.

மிதக்கும் பனிக்கட்டிமீது சுமை ஓடும்போது அதன் அடியிலுள்ள நீரில் அலை எழுகிறது. ஆழம் குறைந்த நீரில் அவ்வலையின் விரைவு ஆழத்தைப் பொறுத்தது. 3 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 20 கி.மீ. வண்டியின் வேகம் இதனுடன் ஒத்துப்போனால் அலை வளர்ந்து பனிக்கட்டியை மிகுதியாக வளைக்கும். கனடாவின் பனிக்கட்டிச் சாலைகளில் சரக்குந்துகளுக்கு வேகக்கட்டுப்பாடு இருப்பது இதனால்தான். இலகுவான சறுக்குவண்டிக்கு இது பேரிடர் அன்று. எனினும் தடிப்பு எல்லையளவில் இருக்கும்போது, அந்த வேகத்தில் நீடித்து ஓடாமல் விரைந்து கடப்பதே முறை.

ஓட்டுநர் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிவர். இருக்கையோடு உடலைப் பட்டையால் கட்டிக்கொள்வதா என்பதில் கட்டுவோரிடையே ஒத்த கருத்தில்லை. கவிழ்ந்தால் பட்டை காக்கும். பனிக்கட்டி உடைந்தால் அதுவே மூழ்கடிக்கும். ஏரியில் ஓட்டும்போது கட்டிக்கொள்ளாதிருப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கழுத்தில் கயிற்றில் தொங்கும் இரு சிறு குத்தூசிகள் கட்டாயம் இருக்கவேண்டும். நீரில் விழுந்தவர் ஈரக்கையால் பனிக்கட்டி விளிம்பைப் பற்றி ஏற இயலாது. குத்தூசிகளை மேலே ஊன்றி, வந்த திசையிலேயே, அதாவது தன்னை ஏற்கனவே தாங்கிய பனிக்கட்டியின்மீது, உடலை இழுத்து ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே கரை நோக்கி விலகவேண்டும்.