பஞ்சாங்கம் சொன்ன சாட்சி

வக்கீல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கறுப்புக் கோட்டு, கணீரென்ற குரல், மேஜையைக் குத்திப் பேசும் ஆவேசம்! சினிமா நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது. ஆனால் அந்தத் தொழிலின் சூட்சுமம் வாயில் இல்லை. கத்தரி வைக்குமுன் தையற்காரர் துணியை நாலு தடவை அளந்து பார்க்கிறாரே, அந்த நிதானத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில், இல்லினாய் மாகாணத்துப் பியர்ட்ஸ்டவுன் என்ற ஊரில் 1858-ஆம் வருஷம் மே மாதம் ஒரு கொலை வழக்கு நடந்தது. டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வாலிபன், முந்திய வருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி இரவு, குடிபோதைச் சண்டையில் மெட்ஸ்கர் என்பவனைத் தாக்கிச் சாகடித்தான் என்பது குற்றச்சாட்டு. அவனோடு பிடிபட்ட நாரிஸ் என்பவனுக்கு ஏற்கெனவே 8 வருஷச் சிறைவாசம் விதித்தாகிவிட்டது. டஃபின் தாயார் ஹன்னாவோ கணவனை இழந்தவள். மகனையும் இழக்க வேண்டியதுதானா?

அவளுக்குக் கைகொடுக்க ஒரு வக்கீல் வந்தார். இளமையில் ஏழையாக அலைந்த காலத்தில் அவருக்குச் சோறு போட்டு, கிழிந்த உடுப்பைத் தைத்துக் கொடுத்தவள் ஹன்னா. அந்த வக்கீலின் பெயர் ஆபிரகாம் லிங்கன்!

எதிர்த் தரப்பின் பலமெல்லாம் ஆலன் என்ற சாட்சிதான். இரவு சுமார் 11 மணிக்கு, 150 அடி தூரத்திலிருந்து, டஃப் அடித்ததைக் கண்ணால் பார்த்ததாக அவன் சொன்னான்.

லிங்கன் சீறவில்லை. எவ்வளவு தூரம், என்ன நேரம், எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்று சாவகாசமாகக் கேட்டார். நிலா உச்சி வானில் பிரகாசித்தது என்றான் சாட்சி. அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார் லிங்கன். தம் கட்சிக்காரன் கழுத்துக்கு வக்கீலே சுருக்குப் போடுகிறாரே என்றுதான் யாருக்கும் தோன்றும்!

உண்மையில் அவர் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தார். முதலிலேயே குட்டை உடைத்திருந்தால், நேரம் சரியாக நினைவில்லை என்று சாட்சி நழுவியிருப்பான். எல்லாக் கதவும் அடைபட்ட பிறகே 1857-ஆம் வருஷத்துப் பஞ்சாங்கம் வெளியே வந்தது. அன்று வளர்பிறை. நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷங்களில் சந்திரன் அஸ்தமனம். ஆகவே 11 மணிக்கு நிலா உச்சியில் இல்லை. அடிவானத்தை நெருங்கிக் கொண்டிருந்தது!

அதை மட்டும் நம்பி லிங்கன் உட்கார்ந்துவிடவில்லை. டஃபின் ஆயுதம் என்று காட்டப்பட்ட உலோகக் குண்டு தன்னுடையது என்று வாட்கின்ஸ் என்பவனைச் சாட்சி சொல்ல வைத்தார். மண்டையின் பின்புறம் விழுந்த நாரிஸின் அடியே முன்புறக் காயத்துக்கும் காரணமாகலாம் என்று ஒரு டாக்டரைக் கொண்டு விளக்கினார். ஒரு தையல் பிரிந்தாலும் மறு தையல் தாங்க வேண்டுமல்லவா? இவ்வளவும் முடித்த பிறகுதான், ஹன்னா தமக்குக் காட்டிய அன்பைச் சொல்லி ஜூரிகளின் மனத்தை உருக்கினார். டஃப் விடுதலையானான். ஹன்னாவிடம் லிங்கன் ஒரு காசு கூட வாங்கவில்லை.

அவர் காட்டியது போலிப் பஞ்சாங்கம் என்று பின்னால் ஒரு வதந்தி கிளம்பிற்று. வான சாஸ்திரிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சந்திரன் லிங்கன் பக்கமே சாட்சி சொன்னான்!

நம் வீட்டிலும்தான் பஞ்சாங்கம் இருக்கிறது. ராகு காலம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். அதற்குள் ஒரு தாயின் பிள்ளை உயிர் ஒளிந்திருக்கலாம் என்று தேடத் தெரிவதுதான் வக்கீலின் வித்தை.

ஆகையால், எப்போதாவது வக்கீல் வீட்டுப் படி ஏற நேர்ந்தால், அவருடைய குரலைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். தேதி என்ன, நேரம் என்ன, பத்திரம் எங்கே என்று துளைத்துத் துளைத்துக் கேட்கிறாரா? அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். துணியை அவர் அளந்து கொண்டிருக்கிறார்!