கையில் பட்டை கட்டினால் மாரடைப்பு பாதிப்பு குறையுமா? பெரிய ஆய்வு சொன்னது என்ன?

மாரடைப்பு வந்திருப்பது இதயத்தில். ஆனா சிகிச்சை கையில்! இந்த முறையின் பெயர் 'ரிமோட் இஸ்கிமிக் கண்டிஷனிங்'. மருந்து இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. அதனாலேயே இதய மருத்துவர்கள் பலர் இதை எதிர்பார்ப்போடு பார்த்தார்கள்.

எப்படிச் செய்வாங்க?

பிபி பார்க்கக் கையில் கட்டுவதைப் போன்ற பட்டைதான். அதை மேல்கையில் கட்டி, ரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்குக் காற்றடிப்பார்கள். 5 நிமிடம் இறுக்கம், 5 நிமிடம் தளர்வு. இப்படி 4 முறை.

கைக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

நாய்களின் இதயத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்தி நிறுத்தி விட்டால், பிறகு வரும் நீண்ட அடைப்பை அது ஓரளவு தாங்குகிறது என 1986-ல் தெரியவந்தது. இதயத்தின் ஒரு பகுதியில் இப்படிச் செய்தால் இன்னொரு பகுதிக்கும் பாதுகாப்பு கிடைப்பதை 1993-ல் கண்டார்கள். அப்படியென்றால் கையில் செய்தாலும் நரம்பு, ரத்தம் வழியாக இதயத்துக்குத் தகவல் போகுமே என்ற யோசனை பிறந்தது.

நம்பிக்கை தந்த டென்மார்க்

டென்மார்க்கில் 333 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே பட்டை கட்டினார்கள். கட்டியவர்களுக்கு இதயத் தசை கூடுதலாகக் காப்பாற்றப்பட்டது ஸ்கேனில் தெரிந்தது.

பெரிய ஆய்வில் என்ன ஆச்சு?

பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா ஆகிய 4 நாடுகளில் 5,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. ஓராண்டுக்குள் இதய நோயால் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள்: பட்டை கட்டியவர்களில் 9.4%, கட்டாதவர்களில் 8.6%. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதே. அதாவது, பலன் இல்லை.

ஏன் இப்படி?

ஸ்கேனில் தெரியும் முன்னேற்றம் வேறு, நோயாளி உயிர் பிழைப்பது வேறு. சின்ன ஆய்வில் தெரியும் பலன் பெரிய ஆய்விலும் நிற்க வேண்டும். உடனடி ஆஞ்சியோபிளாஸ்டியே நல்ல பலன் தருவதால், அதற்கு மேல் பட்டையால் கூடுதலாகச் செய்ய அதிகம் இல்லாமல் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

வீட்டில் செய்யலாமா?

கூடவே கூடாது. 4 சுற்று முடிய சுமார் 40 நிமிடம் ஆகும். அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அடைப்பைச் சீக்கிரம் திறப்பதுதான் உயிரைக் காக்கும்.